முறிவின் சாட்சியம்: கெர்னல் பிழைகளைக் கண்டறிந்து எழுதிவைக்கும் மரபின் வரலாறு

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை, பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த பழைய கோட்டையின் கிழக்கு வாயிலையும், அதை ஒட்டி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவையும் சேர்த்து வழங்கும் வட்டாரமாகும். எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகர்கள் நன்கறிந்த இந்த வட்டாரத்தில் மலையாளமும் தமிழும் பல தலைமுறைகளாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள அரசுப் பள்ளிகளின் கணினிகள், கேரளத்தின் மற்ற அரசு, உதவிபெறும் பள்ளிகளின் கணினிகளைப் போலவே, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளத்தில் இயங்குகின்றன. அப்படியொரு கணினி வலையட்டையின் குறையாலோ வரைகலை அட்டையின் குறையாலோ திடீரென உறைந்து நிற்கும்போது, அது திரையிலோ வட்டிலோ சில வரிகளை விட்டுச்செல்லக்கூடும். பழக்கமில்லாதவருக்கு அவை பொருளற்ற எண்களாகவும் எழுத்துகளாகவும் தோன்றினாலும், அவற்றை எழுதவைப்பதற்கும் அழியாமல் காப்பதற்கும் படித்துப் பொருள் காண்பதற்கும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த உழைப்பின் விளைவு அந்த வரிகளில் இருக்கிறது. அந்த உழைப்பில் பெங்களூரு பொறியாளர்களுக்கும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த தமிழர் ஒருவருக்கும், கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு இந்தியாவில் முதல் இருப்பிடம் தந்த திருவனந்தபுரம் நகருக்கும் உரிய பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

உட்கருவும் இயக்கியும்

இயங்குதளத்தின் உட்கருவாக அமைந்து, நினைவகத்தைப் பங்கிடுவது, நிரல்களுக்கு முறைவைத்து நேரம் ஒதுக்குவது, வன்பொருளோடு பேசுவது ஆகிய வேலைகளைச் செய்யும் பகுதி கெர்னல் எனப்படுகிறது. பயனர் இயக்கும் சாதாரண நிரல்கள் தத்தமக்கென ஒதுக்கப்பட்ட நினைவகத்தை மட்டுமே தொட முடியும்; எல்லை மீறும் நிரலைக் கெர்னல் நிறுத்திவிடுமாதலால் மற்ற நிரல்களுக்குத் தீங்கு நேர்வதில்லை. கெர்னலுக்கோ அத்தகைய எல்லை எதுவும் இல்லை. டிரைவர் என்று பரவலாக வழங்கும் இயக்கி, ஒரு குறிப்பிட்ட வன்பொருளின் மொழியைக் கெர்னலுக்குப் பெயர்த்துச் சொல்லும் நிரலாகும். லினக்ஸ், விண்டோஸ் போன்ற பெருவழக்கான இயங்குதளங்களில் பெரும்பாலான இயக்கிகள் கெர்னலுக்கு உள்ளேயே, அதன் முழு அதிகாரத்தோடு இயங்குகின்றன. ஆகவே ஒலியட்டைக்காக எழுதப்பட்ட சிறிய இயக்கியில் உள்ள ஒரு தவறான வரி, வட்டில் கோப்புகளை எழுதும் பகுதியின் நினைவகத்தைச் சிதைத்துவிட முடியும்.

இயக்கிகளில் நேரும் பிழைகள் சில வகைகளில் அடங்கும். எங்கும் சுட்டாத வெற்று முகவரியைத் தொடுவது ஒரு வகை. விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மீண்டும் பயன்படுத்துவது இன்னொரு வகை. ஒரே பூட்டை இருமுறை பூட்ட முயன்று முடிவில்லாமல் காத்துக் கிடப்பது மூன்றாவது வகை. இவற்றோடு, மையச் செயலியின் உதவியின்றி வன்பொருளே நேரடியாக நினைவகத்தில் எழுதும் வசதியில் தவறான இடம் குறிக்கப்பட்டால், எந்த நிரல் வரியும் செய்யாத சேதம் நினைவகத்தில் தோன்றும். இப்படிப்பட்ட சேதம் நிகழும் கணமும் அது வெளிப்படும் கணமும் வேறுவேறாக இருப்பதுண்டு. வலையட்டையின் இயக்கி செய்த தவறு பல நிமிடங்களுக்குப் பிறகு கோப்பமைப்பின் பகுதியில் முறிவாக வெடிக்கும்போது, முறிந்த இடத்தை மட்டும் பார்ப்பவர் குற்றமற்ற நிரலைக் குற்றவாளியாக்கிவிடுவார். காரணமும் அறிகுறியும் இவ்வாறு பிரிந்து கிடப்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும். அதன் வரலாறு முழுவதும் இந்தப் பிரிவை இணைக்கும் முயற்சிகளின் வரலாறாகவே அமைந்திருக்கிறது.

திகிலிலிருந்து பதிவுக்கு

1960-களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் இயங்குதளம், பிழை நேர்ந்தாலும் மீண்டெழுந்து தொடர்ந்து இயங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, மீட்புக்கென்றே பெருமளவு நிரல்களைக் கொண்டிருந்தது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தது. மல்டிக்ஸ் திட்டத்தில் பணிபுரிந்த டாம் வான் விளெக், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியோடு நடந்த உரையாடலொன்றைப் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். மீட்பு நிரல்களையெல்லாம் விட்டுவிட்டு, திகில் என்று பொருள்படும் ‘பேனிக்’ என்ற ஒரே செயல்கூறை வைத்திருப்பதாகவும், அது அழைக்கப்பட்டால் கணினி நின்றுவிடும் என்றும், யாராவது ஒருவர் குரல்கொடுத்து அதை மறுபடி தொடங்கச் சொல்வார்கள் என்றும் ரிட்சி கூறியதாக அப்பதிவு தெரிவிக்கிறது. தன் உள்நிலை கெட்டுவிட்டதை அறிந்த கெர்னல் தொடர்ந்து இயங்கித் தரவுகளைச் சிதைப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்ற தீர்மானம் அதில் அடங்கியிருந்தது. இன்றுவரை அந்தத் தீர்மானமும் பெயரும் நிலைத்திருக்கின்றன.

நிற்பதற்கு முன் நினைவகத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் வழக்கம் அதற்கும் மூத்தது. அன்றைய கணினிகளின் நினைவகம் ‘கோர்’ எனப்பட்ட சிறு காந்த வளையங்களால் ஆனதாகையால், அதன் உள்ளடக்கத்தை அப்படியே அச்சிட்டோ நாடாவில் எழுதியோ வைப்பது ‘கோர் டம்ப்’ என்று அழைக்கப்பட்டது. வளையங்கள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் பெயர் மாறவில்லை.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், முறிவை இரண்டு படிகளாகப் பிரித்தது. தவறு ஒரு குறிப்பிட்ட பணியோடு அடங்கிவிடக்கூடியதாக இருந்தால் அந்தப் பணியை மட்டும் கொன்றுவிட்டு ‘ஊப்ஸ்’ எனப்படும் செய்தியை எழுதும். மீள வழியில்லாத இடத்தில் நேர்ந்தால் பேனிக் நிலைக்குச் சென்று முழுவதுமாக நின்றுவிடும். ஊப்ஸ் செய்தியில் எந்த முகவரியைத் தொட முயன்றபோது தவறு நேர்ந்தது, செயலியின் பதிவகங்களில் என்னென்ன எண்கள் இருந்தன, எந்தச் செயல்கூறு எதை அழைத்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்ற அழைப்புத் தொடர், அப்போது ஏற்றப்பட்டிருந்த இயக்கிகளின் பட்டியல் ஆகியவை இடம்பெறும். தொடக்க ஆண்டுகளில் அழைப்புத் தொடர் வெறும் எண்களாகவே அச்சாயிற்று. கெர்னலைத் தொகுத்தபோது உருவான பெயர் அட்டவணையோடு அந்த எண்களை ஒப்பிட்டுப் பெயர்களாக மாற்ற ‘கேசிம்ஊப்ஸ்’ என்ற தனிக் கருவி தேவைப்பட்டது. வேறொரு கெர்னலின் அட்டவணையைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டால், கருவி தரும் பெயர்கள் நம்பத்தகுந்தவையாகத் தோன்றினாலும் முற்றிலும் பிழையாக இருக்கும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னல், பெயர் அட்டவணையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு செய்தியைப் பெயர்களோடு எழுதும் வசதியுடன் வந்த பிறகே, சாதாரணப் பயனர் அனுப்பும் அறிக்கை நிபுணருக்கு நேரடியாகப் பயன்படும் நிலை உருவாயிற்று.

ஆயினும் செய்தி வெளியே வந்து சேர்வது உறுதியில்லை. வரைகலைத் திரை இயங்கிக்கொண்டிருக்கும்போது கெர்னல் முறிந்தால் எழுத்துகள் எதுவும் தோன்றாமல் கடைசிக் காட்சியே உறைந்து நிற்கும். பழைய விசைப்பலகைகளின் விளக்குகள் விட்டுவிட்டு எரிவது மட்டுமே கெர்னல் பேனிக் நிலையை அடைந்ததற்கான அடையாளமாக இருந்தது. தொடர்வழிக் கம்பி மூலம் இன்னொரு கணினிக்குச் செய்தியை அனுப்புவதும், வலையமைப்பு வழியாக அனுப்புவதும், திரையில் தெரிந்ததைக் கையால் எழுதிக்கொள்வதும் அக்காலத்தின் வழிமுறைகளாக இருந்தன.

திருவனந்தபுரமும் மூலநிரலும்

முறிவின் சாட்சியத்தைப் படிப்பதற்கு மூலநிரல், அதாவது மனிதர் எழுதிய வடிவிலுள்ள நிரல், கையில் இருக்க வேண்டும். எந்தச் செயல்கூறின் எந்த இடத்தில் முறிவு நேர்ந்தது என்று தெரிந்தாலும், அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க உரிமையில்லாதவரால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்பே வன்பொருளை இயக்கும் நிரலொன்றோடு தொடர்புடையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனர்களுக்கு அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்தியிருந்தார். 1980-ஐ ஒட்டி வந்துசேர்ந்த புதிய ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறிக்கு மூலநிரல் தரப்படவில்லை, அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரும் இரகசிய உடன்பாட்டைக் காட்டி மறுத்துவிட்டார். கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983-இல் அறிவிக்க ஸ்டால்மனைத் தூண்டிய நிகழ்ச்சிகளுள் இது முக்கியமானது.

அதே ஸ்டால்மன் 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்ப கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முதலில் தனியுரிமை மென்பொருளையே சார்ந்திருந்த அத்திட்டம், ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பிய விவாதங்களின் பின்னணியில் படிப்படியாக குனூ/லினக்ஸுக்கு மாறியது. 2008 வாக்கில் உயர்நிலைப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பக் கல்வி முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடக்கத் தொடங்கியிருந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அத்திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. பள்ளிகளின் தேவைக்கேற்ப உபுண்டு என்னும் லினக்ஸ் தொகுப்பைத் திருத்தியமைத்து அது வெளியிடும் இயங்குதளம் மாநிலத்தின் இரண்டு லட்சம் அளவிலான பள்ளிக் கணினிகளுக்கென 2019-இல் புதிய பதிப்பைக் கண்டது. கட்டற்ற மென்பொருளுக்கான பன்னாட்டு மையமான ஐ.சி.எஃப்.ஓ.எஸ்.எஸ். 2011 முதல் இந்நகரில் செயல்படுகிறது.

பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய முடிவை இயக்கிகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அதன் இன்னொரு முகம் புலப்படுகிறது. பல ஆண்டுகளில் பல நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட்ட, ஒன்றுக்கொன்று வேறுபட்ட வலையட்டைகளும் வரைகலை அட்டைகளும் கொண்ட கணினிகளில் ஒரே இயங்குதளம் இயங்க வேண்டும் என்ற நிலை, இயக்கிகளை மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாக்குகிறது. வன்பொருள் நிறுவனம் தன் பழைய கருவியைக் கைவிட்டுவிட்டாலும், அதன் இயக்கியின் மூலநிரல் கெர்னலுக்குள் இருக்குமானால் வேறு எவரேனும் அதைத் திருத்திப் பேண முடியும். மூலநிரல் மூடப்பட்டிருந்தால் அந்தக் கருவியோடு கணினியும் பயனற்றதாகிவிடும். அரசுப் பள்ளியின் குறைந்த நிதியில் வாங்கிய கணினி பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதால், இந்த வேறுபாடு கொள்கை அளவில் நின்றுவிடாமல் வகுப்பறையின் நடைமுறையையே தீர்மானிக்கிறது.

லினக்ஸ் சமூகமும் இவ்வேறுபாட்டை முறிவுச் செய்தியிலேயே பதிந்துவைத்தது. 2001-ஐ ஒட்டி 2.4 கெர்னல் வரிசையில் ‘கறைபட்டது’ என்று பொருள்படும் ‘டெயின்டட்’ குறி சேர்க்கப்பட்டது. மூலநிரல் மூடப்பட்ட இயக்கி ஏதேனும் ஏற்றப்பட்டிருந்தால், அதன்பின் நேரும் எந்த முறிவின் செய்தியிலும் அந்தக் குறி தோன்றும். தாங்கள் பார்க்க முடியாத நிரல் நினைவகத்தில் என்ன செய்தது என்பதை அறிய வழியில்லாதபோது, முறிவுக்குப் பொறுப்பேற்று ஆராயவும் இயலாது என்ற நிலைப்பாட்டைக் கெர்னல் பராமரிப்பாளர்கள் அதன் மூலம் வெளிப்படையாக்கினர். நீண்ட காலம் இக்குறிக்குப் பெரிய காரணமாக இருந்த என்விடியா நிறுவனம், 2022 மே மாதம் தன் வரைகலை இயக்கியின் கெர்னல் பகுதிக்குரிய மூலநிரலை வெளியிட்டது.

பெங்களூருவின் பங்களிப்பு

படிக்கும் உரிமை கிடைத்தாலும் சாட்சியம் அழியாமல் இருக்க வேண்டும். ஊப்ஸ் செய்தி சில பத்து வரிகளைத்தான் தரும். காரணமும் அறிகுறியும் விலகியிருக்கும் முறிவுகளுக்கு முழு நினைவகமும் தேவைப்படுகிறது. 1999-இல் எஸ்.ஜி.ஐ. நிறுவனம் தொடங்கிய எல்.கே.சி.டி. என்ற திட்டம், கெர்னல் முறிந்ததும் அதே கெர்னலின் வட்டு இயக்கியைக் கொண்டு நினைவகத்தை வட்டில் எழுத முயன்றது. முறிவுக்குக் காரணம் அந்த வட்டு இயக்கியாகவே இருந்தாலோ, அதன் தரவுகள் சிதைந்திருந்தாலோ பதிவு கிடைக்காது. தவறான இடத்தில் எழுதி வட்டிலுள்ள கோப்புகளை அழித்துவிடும் ஆபத்தும் உண்டு. நினைவிழந்து கிடக்கும் நோயாளியிடமே அவருடைய நோய்க்குறிப்பை எழுதித்தரச் சொல்வதற்கு ஒப்பான இந்த முறையை 2002-இல் டோர்வால்ட்ஸ் முதன்மைக் கெர்னலில் சேர்க்க மறுத்துவிட்டார்.

இதற்கு மாற்றாக உருவானதே ‘கேடம்ப்’. கணினியின் அடிப்படை நிரலுக்குப் போகாமலேயே, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கெர்னலிலிருந்து நேரடியாக இன்னொரு கெர்னலுக்குத் தாவும் ‘கேஎக்செக்’ என்ற வசதியை எரிக் பீடர்மன் உருவாக்கியிருந்தார். அதை முறிவுப் பதிவுக்குப் பயன்படுத்தும் திட்டத்தை ஐ.பி.எம். நிறுவனத்தின் பெங்களூரு லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணிபுரிந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா முதலியோர் நிறைவேற்றினர். கோயல், பீடர்மன், நெல்லிதீர்த்தா ஆகிய மூவரும் இணைந்து எழுதிய ஆய்வுரை 2005 ஜூலையில் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் இடம்பெற்றது. அடுத்த மாதம் வெளியான 2.6.13 கெர்னலில் கேஎக்செக்கும் கேடம்பும் சேர்க்கப்பட்டன.

கேடம்பின் செயல்முறை அதன் எளிமையால் கருதத்தக்கது. கணினி தொடங்கும்போதே நினைவகத்தின் ஒரு சிறு பகுதி, அக்கால ஆவணங்களில் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட அளவில் 64 மெகாபைட், ஒதுக்கிவைக்கப்பட்டு அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று ஏற்றப்படுகிறது. முதல் கெர்னல் அந்தப் பகுதியை எக்காரணத்துக்காகவும் பயன்படுத்துவதில்லை. முதல் கெர்னல் முறிந்தவுடன், அது கடைசியாகச் செய்யும் செயல் இரண்டாவது கெர்னலுக்குத் தாவுவது மட்டுமே. இரண்டாவது கெர்னல் தனக்குரிய ஒதுக்கிடத்துக்குள்ளேயே இயங்குவதால், முறிந்த கெர்னலின் நினைவகம் முறிந்த கணத்தில் இருந்தபடியே பெரும்பாலும் தொடப்படாமல் இருக்கும். எக்ஸ்86 வகைக் கணினிகளில் தொடங்குவதற்கு நினைவகத்தின் முதல் 640 கிலோபைட் இன்றியமையாததாகையால், அந்தப் பகுதி மட்டும் முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்துக் காக்கப்படுகிறது. பழைய நினைவகம் முழுவதும் இரண்டாவது கெர்னலுக்கு ஒரு கோப்பாகத் தோன்றும். அதை வட்டுக்கோ வலையமைப்பின் வழியே வேறொரு கணினிக்கோ நகலெடுத்தபின், கணினி வழக்கம்போல் மறுபடி தொடங்கும்.

இரண்டாவது கெர்னலை ஒதுக்கிடத்தில் அடைத்துவைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் கெர்னல் முறிந்த கணத்தில், அது முன்பு கொடுத்த கட்டளைகளின்படி வன்பொருள்கள் நினைவகத்தில் நேரடியாக எழுதிக்கொண்டிருக்கக்கூடும். யாரும் அவற்றை நிறுத்தவில்லை. அந்த எழுத்துகள் பழைய நினைவகத்தில்தான் விழும் என்பதால் புதிய கெர்னல் பிழைத்துக்கொள்கிறது. ஆனால், வழக்கமான தொடக்கத்தில் நடக்கும் மீளமைப்பு எதுவுமின்றி, பாதி வேலையில் நிற்கும் வன்பொருளை இரண்டாவது கெர்னலின் இயக்கி எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கருவி எப்போதும் தூய நிலையில்தான் கிடைக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட இயக்கிகள் பல இங்கே தடுமாறின. இயக்கிகளின் பிழையைப் பதிவு செய்ய வந்த ஏற்பாடு இவ்வாறு இயக்கிகளின் இன்னொரு குறையையும் வெளிக்கொணர்ந்து, முதலில் கருவியை மீளமைத்துவிட்டுப் பிறகே தொடங்கும் நல்ல பழக்கத்தை இயக்கி எழுதுவோரிடையே வலியுறுத்தியது. பதிவின் அளவைக் குறைக்க வெற்றுப் பக்கங்களை நீக்கிச் சுருக்கும் கருவி ஜப்பானில் உருவாயிற்று. பதிவைப் படிக்க ரெட் ஹேட் நிறுவனத்தின் டேவிட் ஆண்டர்சன் பேணிய ‘கிராஷ்’ என்ற கருவி பயன்பட்டது.

இதே பெங்களூரு மையத்தைச் சேர்ந்த பிரசன்னா பஞ்சமுகி, அனந்த் மாவினகாயனஹள்ளி முதலியோர், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நிறுத்தாமலேயே அதன் ஏறத்தாழ எந்த இடத்திலும் ஆய்வுக் குறியை நடும் ‘கேபுரோப்ஸ்’ என்ற வசதியின் உருவாக்கத்தில் முதன்மையான பங்கு வகித்தனர். 2004-இல் வெளியான 2.6.9 கெர்னலில் சேர்ந்த இவ்வசதி, குறிப்பிட்ட ஆணையின் இடத்தில் ஒரு நிறுத்தக் குறியை வைத்து, செயலி அங்கு வந்ததும் ஆய்வாளரின் நிரலை ஓட்டிவிட்டு மூல ஆணையைத் தொடரச் செய்கிறது. முறிந்தபின் படிப்பதற்குக் கேடம்பும், முறிவதற்கு முன் கவனிப்பதற்குக் கேபுரோப்ஸும் என இரண்டும் சேர்ந்து, இன்று உலகெங்கும் தரவு மையங்களில் நடக்கும் கெர்னல் ஆய்வின் அடித்தளமாக இருக்கின்றன.

பல அறிக்கைகளும் ஒரு நிரூபணமும்

ஒரு கணினியின் முறிவு ஒரு நிகழ்ச்சி; ஆயிரம் கணினிகளில் ஒரே இடத்தில் நேரும் முறிவு ஒரு சான்று. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, நீலத்திரையோடு நின்ற கணினி மீண்டும் தொடங்கியபின் முறிவுப் பதிவை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் வசதியைப் பரவலாக்கியது. ஒரே காரணத்தால் நேர்ந்தவையாகத் தோன்றும் அறிக்கைகளை ஒரே தொகுப்பில் சேர்த்து, எந்தத் தொகுப்பு பெரிதோ அதை முதலில் திருத்தும் முறை உருவாயிற்று. 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விண்டோஸ் எக்ஸ்பியில் அண்மையில் அறிவிக்கப்பட்ட முறிவுகளில் 85 விழுக்காட்டுக்கு இயக்கிகளே காரணம் என்று எடுத்துக்காட்டினர். அதற்கு முன்பே 2001-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸின் ஏழாண்டுப் பதிப்புகளை ஆராய்ந்து, இயக்கிகளின் பிழை வீதம் கெர்னலின் பிற பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் எனக் கண்டிருந்தனர். லினக்ஸ் உலகில் இன்டெல் பொறியாளர் அர்ஜன் வான் டி வென் 2007-இன் இறுதியில் தொடங்கிய ‘கெர்னல்ஊப்ஸ்’ திட்டம், பயனரின் ஒப்புதலோடு ஊப்ஸ் செய்திகளைத் திரட்டி எண்ணிக்கை வரிசையில் வெளியிட்டது. பத்தாண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வைத் திரும்பச் செய்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், இயக்கிகளின் பிழை வீதம் கெர்னலின் வேறு சில பகுதிகளைவிடக் குறைந்துவிட்டதைக் கண்டனர். அறிவிக்கப்பட்ட பிழை திருத்தப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முறிவு நேரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே காண முடியுமா என்ற கேள்விக்கு விடை தந்தவர்களில் ஒருவர் ஸ்ரீராம் ராஜாமணி. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, பெர்க்லியில் முனைவரான அவர், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தாமஸ் பாலோடு சேர்ந்து 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஸ்லாம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். பூட்டிய பூட்டை மறுபடி பூட்டக்கூடாது, பூட்டாததைத் திறக்கக்கூடாது என்பன போல இயக்கிகள் கெர்னலோடு பழக வேண்டிய விதிகளை முதலில் முறையாக எழுதிக்கொள்கிறார்கள். பிறகு இயக்கியின் நிரலிலிருந்து, விதிக்குத் தொடர்புள்ள உண்மை, பொய் நிலைகளை மட்டும் கொண்ட எளிய மாதிரி ஒன்றைக் கருவியே உருவாக்கி, அம்மாதிரியின் எல்லா வழிகளையும் சரிபார்க்கிறது. விதி மீறப்படும் வழி ஒன்று தென்பட்டால், மூல நிரலில் அந்த வழி உண்மையில் நடக்கக்கூடியதா என்று சோதிக்கிறது. நடக்க முடியாததென்றால் மாதிரியை மேலும் நுட்பமாக்கி மீண்டும் தொடங்குகிறது. நடக்கக்கூடியதென்றால், பிழைக்கு இட்டுச்செல்லும் பாதையை வரிவரியாக எழுதித் தருகிறது. முறிந்த கணினி தரும் அழைப்புத் தொடர் நடந்துமுடிந்ததன் சாட்சியம் என்றால், ஸ்லாம் தரும் பாதை நடக்கவிருப்பதன் சாட்சியமாகும். இம்முறை இயக்கி எழுதுவோருக்கான கருவியாக விண்டோஸ் விஸ்டா காலத்தில் வெளியிடப்பட்டது. 2011-இல் கணினிவழிச் சரிபார்ப்புத் துறையின் சி.ஏ.வி. விருது பாலுக்கும் ராஜாமணிக்கும் வழங்கப்பட்டது. ராஜாமணி பின்னர் பெங்களூருவிலுள்ள மைக்ரோசாஃப்ட் இந்திய ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

லினக்ஸிலும் 2006-இல் பூட்டுகளின் வரிசையைக் கண்காணிக்கும் வசதியும், 2015-இல் தவறான நினைவகத் தொடுதலை அது நிகழும் கணத்திலேயே பிடிக்கும் வசதியும் சேர்ந்தன. நினைவகப் பிழைகள் பலவற்றை மொழியின் விதிகளாலேயே தடுக்கும் ரஸ்ட் மொழிக்கான தொடக்கநிலை ஆதரவு 2022 டிசம்பரில் 6.1 கெர்னலில் இடம்பெற்றது.

இன்றைய நிலையும் பள்ளியின் கடமையும்

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் கெர்னலுக்குள் இயங்கும் நிரலின் அதிகாரம் குறைந்துவிடவில்லை என்பதை 2024 ஜூலை 19 உலகுக்குக் காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் வன்பொருளுக்கானதன்று எனினும், இயக்கியைப் போலவே விண்டோஸ் கெர்னலுக்குள் இயங்குவது. 20 உள்ளீடுகள் மட்டும் தரப்பட்ட இடத்தில் இருபத்தொன்றாவதைப் படிக்க முயன்றதால் அது எல்லை மீறி, ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளை முறித்தது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச்சீட்டுகள் தரப்பட்டன. கணினிகள் தொடங்கும்போதே முறிந்ததால், பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று பழுதான கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அதே 2024-இல் லினக்ஸ் கெர்னல், முறிந்தவுடன் வரைகலைத் திரையிலும் செய்தியைக் காட்டும் வசதியையும், ஆண்டின் இறுதியில் வெளியான 6.12 பதிப்பில் அச்செய்தியைக் கைபேசியால் படித்துக்கொள்ளத்தக்க கியூஆர் குறியாக எழுதும் வசதியையும் பெற்றது. உறைந்த திரையில் எதுவும் தெரியாமல் போன காலம் இதனால் முடிவுக்கு வருகிறது.

ஆனால் கருவிகள் எவ்வளவு வளர்ந்தாலும், ஒரு நல்ல வழு அறிக்கையை எழுதுவது மனிதரின் வேலையாகவே இருக்கிறது. கெர்னலின் துல்லியமான பதிப்பெண், வன்பொருளின் அடையாள எண், சுருக்காமல் எடுத்த முழுச் செய்தி, எந்தச் செயலின்போது முறிந்தது, மறுபடி அதைச் செய்தால் மறுபடி முறிகிறதா, மூடிய இயக்கி ஏதேனும் ஏற்றப்பட்டிருந்ததா, எந்தப் பழைய பதிப்பில் இக்குறை இருக்கவில்லை என்பன அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான விடை மிகுந்த மதிப்புடையது: நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தாலும், நடுவில் உள்ளதைச் சோதித்து ஒவ்வொரு முறையும் பாதியை விலக்கிக்கொண்டே போனால் ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் குற்றமுள்ள மாற்றத்தைப் பிடித்துவிடலாம். முழு நினைவகப் பதிவில் மாணவரின் பெயர், மதிப்பெண், கடவுச்சொல் போன்றவையும் அடங்கியிருக்கலாமாதலால், அதை வெளியே அனுப்பாமல் செய்தியை மட்டும் அனுப்பும் கவனமும் இம்மரபின் ஒரு பகுதியாகும்.

கேரளப் பள்ளிகளில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் கணினிக் குழுக்கள் இயங்குகின்றன; கிழக்கேகோட்டை வட்டாரத்துப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களின் கையிலுள்ள இயங்குதளம், அதிலுள்ள கட்டற்ற இயக்கிகளின் மூலநிரலைப் படிக்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை தருகிறது. அந்த உரிமையை மாநிலம் 2001-க்குப் பிந்தைய ஆண்டுகளில் போராடிப் பெற்றது. அதைப் பயன்படுத்தும் திறனைக் கற்பிப்பதே எஞ்சியுள்ள பணி. நின்றுபோன கணினியை மறுபடி தொடங்கி மறந்துவிடுவதற்கு மாறாக, அது விட்டுச்சென்ற செய்தியைப் படியெடுத்து, தேவையானவற்றைச் சேர்த்து, பராமரிப்பாளருக்கு அனுப்பும் மாணவர், தம் பள்ளியின் கணினிக்கு மட்டுமன்றி, அதே அட்டையைப் பயன்படுத்தும் முகமறியாத எல்லோருடைய கணினிக்கும் தொண்டு செய்கிறார். பெல் ஆய்வகத்தின் குரலழைப்பில் தொடங்கிய மரபு, பெங்களூருவில் அழியாத பதிவாகவும், கிண்டியில் கற்ற ஒருவரின் கையில் முன்னறியும் நிரூபணமாகவும் வளர்ந்தது. எனவே முறிவை முறையாக எழுதிவைக்கும் கல்வி, பள்ளிப் பாடத்திட்டத்தில் நிரல் எழுதும் கல்விக்கு இணையான இடத்தைப் பெறத் தகுதியுடையது.